காலை நிறுவை எங்கே போனது?

மலையில் நிறுத்த கொழுந்தைவிட ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், இறங்கிய கொழுந்து கூடுதலாக இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டுத்தான் ஹட்டனுக்குப் புறப்பட்டேன். தேயிலையோடு பழகியவர்களுக்கு இது எவ்வளவு விபரீதமான பேச்சு என்று சொல்ல வேண்டியதில்லை. பறித்த நிமிடத்திலிருந்து பச்சைக் கொழுந்து ஈரம் விட்டுக்கொண்டே இருக்கும். மலையில் 100 கிலோ என்று எழுதினால் லொறி ஏறி ஸ்டோரில் இறங்கும்போது 100க்குச் சற்றுக் கீழேதான் நிற்க வேண்டும். கூடியிருந்தால் எங்கோ ஒரு தராசு பொய் சொல்கிறது, அல்லது ஒரு மனிதர் பொய் சொல்கிறார். இங்கே இரண்டும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் போகும் பாதையில், காசல்ரீ நீர்த்தேக்கம் வளைவுக்கு வளைவு தெரிந்து மறையும் இடத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். பெயர் போடக் கூடாது என்ற பேச்சின்பேரில்தான் உள்ளே விட்டார்கள். ஆபீஸ் சுவரில் மலைகளை எண் போட்டுக் காட்டும் பழைய வரைபடம், அதன் கீழே ஆள்களின் பெயர் பதியும் செக்ரோல் புத்தகங்களின் அடுக்கு. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த காலம் தொட்டு இந்த மலைநாட்டில் கணக்கு என்பது யாரோ ஒருவர் கையிலிருக்கும் புத்தகம். கங்காணியின் புத்தகம், கணக்கப்பிள்ளையின் புத்தகம், கிளாக்கரின் புத்தகம். இப்போது அந்த இடத்துக்கு ஒரு போன் வந்திருக்கிறது.

தராசுகளை முதலில் சந்தேகித்திருக்கிறார்கள். படிக்கல் வைத்துப் பார்த்ததில் எல்லாம் சரி. அடுத்து லொறி டிரைவர், அதன்பின் ஸ்டோர்த் தராசு. கடைசியாக, "சாயந்தரம் மூடுபனியில் சிக்னல் போகுது, அந்தி நிறுவை ஏறுறதில்ல" என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். திரையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். காலை, பகல், அந்தி என்று மூன்று கட்டம்; சில கங்காணிகளின் கணக்கில் அந்திக் கட்டம் ஒருவருக்கும் நிரம்பவில்லை.

இதைச் சரிபார்க்கக் கொழும்புத் தலைமை ஆபீஸ் அனுப்பியிருந்த மென்பொருள் பொறியாளர் கோட்டகலைப் பக்கத்து லயத்தில் வளர்ந்த பெண். அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறவர். ஆபீசில் உட்காராமல், மடிக்கணினிப் பையை முதுகில் மாட்டியபடி நேரே மலைக்கு ஏறினார். பின்னாலேயே நானும், அட்டைக் கடிக்குக் காலுறைக்குள் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு.

அந்தி நிறுவை நடக்கும் நேரம். ரோட்டோரக் கொட்டிலில் டிஜிட்டல் தராசு தொங்குகிறது. பெண்கள் வரிசையாக வருகிறார்கள். இடுப்பில் படங்கு, தலையில் கொழுந்துச் சாக்கின் கயிறு. சாக்கு கொக்கியில் ஏறுகிறது, எண் நிலைக்கிறது, புளூடூத் வழியாகப் போனுக்குப் போகிறது. கணக்கப்பிள்ளை செக்ரோல் நம்பரைத் தட்டி, எந்த நிறுவை என்று தெரிவுசெய்து பதிகிறார். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு போகிறது. அந்தக் கழிவைப் பற்றிய சண்டை டெய்லர் காலத்து வயதுடையது, அதை இங்கே தொடவில்லை. சிக்னல் இல்லாவிட்டால் பதிவு போனிலேயே தங்கி, கிடைத்தபோது ஏறும். அதனால் மூடுபனிக் கதை எனக்கு அப்போதே கொஞ்சம் இடித்தது. தாமதமாக ஏறலாம், ஏறாமலே எப்படிப் போகும்?

புதிய முறை வந்த பிறகும் இந்தக் கணக்கப்பிள்ளை ஒரு பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு நிறுவைக்கும் சின்னச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். வேலை மிச்சம், காகிதம் மிச்சம் என்று தலைமை ஆபீஸ் நிறுத்தச் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நாப்பது வருசம் சீட்டு கேட்ட ஆளுங்க. போனைக் காட்டி நம்புன்னா நம்புவாங்களா?"

பொறியாளர் ஒரு அக்காவிடம் முந்தின நாள் சீட்டைக் கேட்டார். படங்கு மடிப்பிலிருந்து நாலாக மடித்த தாள் வந்தது. காலை 7, பகல் 9, அந்தி 5. மொத்தம் 21. போனில் அதே நாள், அதே நம்பர்: காலை 9, பகல் 5, அந்தி வெறுமை. மொத்தம் 14.

எல்லோரும் அந்தியின் வெற்றுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டங்களிலிருந்த எண்களை யாரும் சீட்டோடு ஒப்பிடவில்லை. காலைக் கட்டத்தில் இருப்பது பகலின் 9. பகல் கட்டத்தில் இருப்பது அந்தியின் 5. தொலைந்தது அந்தியே இல்லை, காலையின் 7 கிலோ. மூன்றும் ஒரு படி இறங்கி, முதலாவது படியை விட்டே விழுந்திருக்கிறது.

"ஒண்ணு பிசகியிருக்கு ஐயா" என்றார் பொறியாளர்.

"ஒண்ணா? ஏழு கிலோ போயிருக்கு மக."

கணக்கப்பிள்ளை சொன்னதும் சரிதான். இந்தத் தோட்டத்தில் நாள் இலக்கு 18 கிலோ. அதைத் தொட்டால் ஒரு பேர். தொடாவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். தாண்டினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு. சம்பள நிர்ணய சபை வழியாக 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 2024இல் அடிப்படை 1,350 ஆனது. அந்த 1,350ஐ வைத்துப் பார்த்தாலும் 21 கிலோ எடுத்த பெண்ணுக்கு முழுப் பேரும் மூன்று கிலோ மேல்காசும் விழ வேண்டிய இடத்தில் கணினி 675 என்று எழுதியிருந்தது. சம்பள நாள் இன்னும் வராததால் லயத்தில் செய்தி பரவவில்லை. வந்திருந்தால் நான் எழுத வேண்டியது வேறு கட்டுரையாகியிருக்கும்.

ஆபீசுக்குத் திரும்பி, தேத்தண்ணியோடு மடிக்கணினியைத் திறந்தார். கணக்கப்பிள்ளையும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குப் புரியும்படி சொல்லப்பட்டதை நானும் கேட்டுக்கொண்டேன்.

மலையிலிருக்கும் போனும் கொழும்பிலிருக்கும் சர்வரும் பேசிக்கொள்ள ஒரு ஒப்பந்தம் வேண்டும். எந்தத் தகவல் எந்தப் பெயரில் போகும், என்னென்ன மதிப்பு வரலாம் என்று எழுதிய கோப்பு அது. இதில் நிறுவை என்பதற்கு மூன்று மதிப்பு: 1 காலை, 2 பகல், 3 அந்தி. இந்தக் கோப்பைப் படித்து, போன் செயலிக்குத் தேவையான நிரலைக் கையால் எழுதலாம். ஆனால் நூற்றுக்கணக்கான வரி, எல்லாம் ஒரே சலிப்பான வேலை. அதனால் ஒரு ஜெனரேட்டரிடம் கோப்பைக் கொடுத்தால் அது ஒரு வார்ப்புருவை எடுத்து, பெயர்களை இட்டு நிரப்பி, முழு நிரலையும் துப்பிவிடும். அப்படித் துப்பியதைத்தான் பைண்டிங் என்கிறார்கள். இவர்கள் பயன்படுத்துவது ஓப்பன் ஏபிஐ ஜெனரேட்டர்; 2018இல் ஸ்வாகர் கோட்ஜென்னிலிருந்து கிளை பிரிந்த திறமூலக் கருவி.

இந்தக் கலை இலங்கைக்குப் புதிதல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இணையச் சேவைகளை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் 1.1 ஆவணத்தை 2001இல் எழுதியவர்களில் ஒருவர் இலங்கையரான சஞ்சீவ வீரவரண. அத்தகைய விவரக் கோப்பிலிருந்து ஜாவா நிரலைத் தானே எழுதித் தரும் அப்பாச்சி ஆக்சிஸ்2 உருவானதில் கொழும்பு இளைஞர்களின் பங்கு பெரியது. 2003இல் தொடங்கிய லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனும் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2வும் அந்த வரிசையில் வந்தவை. நிரலை எழுதும் நிரலை உலகத்துக்கு எழுதிக் கொடுத்த ஊரிலிருந்து ஏழு கிலோ கொழுந்தைக் கணக்கில் காணோம்.

"அப்ப இந்தப் பிழையை யார் எழுதினது?" என்றார் கணக்கப்பிள்ளை.

"இந்தக் கோப்பை யாரும் எழுதலைங்க ஐயா. மெஷின் எழுதினது."

"மெஷினுக்கு யார் எழுதிக் குடுத்தது?"

இதைவிடச் சரியான கேள்வியை ஒரு கணினி வல்லுநர் கேட்டிருக்க முடியாது. பொறியாளர் சிரித்துக்கொண்டே அடுத்த கோப்பைத் திறந்தார். கருவி பொதுவானதுதான், ஆனால் வார்ப்புருவை அந்த நிறுவனமே தன் தேவைக்கு மாற்றி வைத்திருந்தது. முதலில் அது மஸ்டாஷ் என்ற வார்ப்புரு மொழியில் இருந்தது. ஜாவாவுக்கான மஸ்டாஷில், பட்டியலைச் சுற்றிவரும்போது கிடைக்கும் வரிசை எண் 1இல் தொடங்கும். பிற்பாடு யாரோ அதை ஹேண்டில்பார்ஸ் மொழிக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே வரிசை எண் 0இல் தொடங்கும். காலை, பகல், அந்தி என்ற பெயர்களுக்கு எதிரே ஒப்பந்தத்திலிருக்கும் மதிப்பை எழுதாமல், வரிசை எண்ணை எழுதும் வார்ப்புரு அது. மஸ்டாஷில் இருந்தவரை 1, 2, 3 என்றே வந்தது. சரியாக இருந்ததால் வந்ததல்ல, தற்செயலாகப் பொருந்தியதால் வந்தது. மொழி மாறிய அன்று 0, 1, 2 ஆகிவிட்டது.

போன் "நிறுவை: 0" என்று காலைக் கொழுந்தை அனுப்புகிறது. சர்வரில் 0 என்றால் "குறிப்பிடப்படவில்லை". அப்படி வருவதையெல்லாம் அது தனி அட்டவணையில் போட்டு வைக்கிறது, யாராவது பார்த்துச் சரிசெய்யட்டும் என்று. யாரும் பார்க்கவில்லை. அப்படி ஒரு அட்டவணை இருப்பதே ஆபீசில் யாருக்கும் தெரியாது.

என் பார்வையில் பெரிய குற்றவாளி வார்ப்புருவே அல்ல. பூச்சியத்தை வாய்மூடி வாங்கி வைத்துக்கொண்ட சர்வர்தான். "எந்த நிறுவை என்று தெரியவில்லை, எடுக்க மாட்டேன்" என்று முதல் நாளே அது கத்தியிருந்தால் கணக்கப்பிள்ளை அன்றே போனைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடியிருப்பார். எதையும் மறுக்காத மென்பொருளை நல்ல மென்பொருள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சம்பளக் கணக்கில் அதைவிட ஆபத்து வேறில்லை.

பூச்சியத்தில் தொடங்குவது கணினிக்காரர்களின் கிறுக்கல்ல. சி மொழியில் அணியின் முதல் உறுப்புக்கு எண் 0, ஏனென்றால் அந்த எண் தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி என்பதைச் சொல்கிறது. அதற்கு முந்திய ஃபோர்ட்ரானில் வழக்கமாக 1இலிருந்து. லுவாவில் இன்றும் 1. எண்ணுவதைப் பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும் என்று டச்சுக்காரர் டெய்க்ஸ்ட்ரா 1982இல் ஒரு சிறு குறிப்பே எழுதினார். ஜாவாஸ்கிரிப்டில் இதைவிட வேடிக்கை: தேதி 1இல் தொடங்கும், மாதம் 0இல் தொடங்கும், ஜனவரி என்றால் 0, டிசம்பர் என்றால் 11. எங்கே தொடங்கினாலும் கேடில்லை. 1இல் தொடங்குகிறவரும் 0இல் தொடங்குகிறவரும் சந்திக்கும் வாசலில்தான் கால் இடறுகிறது. பைண்டிங் என்பது அந்த வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் நிரல்.

தேயிலைக்கும் கணினிக்கும் உறவு பழையது என்று சொன்னபோது கணக்கப்பிள்ளை நம்பவில்லை. தேயிலை விற்றும் தேநீர்க் கடைகள் நடத்தியும் வளர்ந்த லண்டன் லயன்ஸ் கம்பெனிதான் லியோ என்ற கணினியைத் தானே கட்டி, 1951 நவம்பரில் அன்றாட வணிகக் கணக்கில் இறக்கியது. உலகத்துக்கே அதுதான் முன்னோடி. முதலில் போட்டது பேக்கரிப் பண்டங்களின் கணக்கு. பிறகு சம்பளக் கணக்கும் தேயிலைக் கலவைக் கணக்கும் அதில் ஏறின. "அவங்களுக்கும் கிலோ கொறைஞ்சிச்சாமா?" என்று கேட்டார்.

திருத்தம் எங்கே செய்வது என்பதில்தான் அன்றிரவு பேச்சு நீண்டது. ஆபீசிலிருந்த ஒரு இளைஞர் எளிய வழி சொன்னார்: துப்பிய கோப்பிலேயே 0, 1, 2ஐ அழித்து 1, 2, 3 போட்டுவிடலாமே? பொறியாளர் அந்தக் கோப்பின் முதல் வரியைக் காட்டினார். தானாக உருவாக்கப்பட்டது, கைவைக்க வேண்டாம் என்று இருந்தது. அச்சு கோணலாக இருக்கும்போது கொழுக்கட்டையை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருக்க முடியாது. அடுத்த தடவை ஜெனரேட்டரை ஓட்டியதும் பழைய பிழை அப்படியே வந்து உட்காரும், அதுவும் திருத்தியவர் லீவில் போன நாளில்.

"அப்போ வார்ப்புருவில வரிசை எண்ணோட ஒண்ணு கூட்டிருங்க."

நானும் அதுவே போதும் என்று நினைத்தேன். அவர் ஒப்பவில்லை. "ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக்குத் தனியா 9ன்னு ஒரு மதிப்பு சேர்க்கப் போறாங்க. அப்ப நாலாவது பேருக்கு இது 4ன்னு அனுப்பும். ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்து எல்லாம் எங்க போய் விழும்?" கூட்டுவதும் கழிப்பதும் பிழையை அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடும் வேலை என்பது அவர் கட்சி. வார்ப்புருவில் வரிசை எண்ணைக் கேட்ட இடத்தை அழித்து, ஒப்பந்தக் கோப்பிலிருக்கும் மதிப்பையே எடுத்து எழுதச் செய்தார். மாற்றம் ஒரே வரி.

சோதனைக்குத்தான் நேரம் போனது. வேண்டுமென்றே 1, 2, 9 என்று துண்டுபட்ட எண்களை வைத்து ஒரு சிறு ஒப்பந்தக் கோப்பு எழுதி, அதை ஜெனரேட்டரில் ஓட்டி, வந்த நிரல் அனுப்புவதும் அதே 1, 2, 9தானா என்று சரிபார்க்க வைத்தார். 1, 2, 3 வைத்துச் சோதித்தால் வரிசை எண்ணை எழுதும் கோணல் வார்ப்புருவும் தேறிவிடுமாம். பழைய மஸ்டாஷ் வார்ப்புருவையும் அதே சோதனையில் போட்டுப் பார்த்தார், அதுவும் தோற்றது. ஒருநாளும் புகார் வராத பழைய பதிப்பு அது. சர்வர் 0ஐ ஏற்காமல் திருப்பியனுப்ப வேண்டும் என்று கொழும்புக் குழுவுக்குத் தனியாக எழுதினார். அதற்கு மட்டும், மற்றத் தோட்டங்களையும் பார்த்துத்தான் செய்ய முடியும் என்று பதில் வந்தது.

அடுத்த நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் புதிய செயலி ஏற்றிய போனோடு மறுபடி கொட்டில். சோதனைச் சர்வருக்கு இணைத்து, கொக்கியில் 5 கிலோப் படிக்கல்லைத் தொங்கவிட்டுக் காலை என்று பதிந்தார்கள். ஆபீசில் இருந்தவர் போனில் கத்தினார்: "காலையில அஞ்சு!" பகல், அந்தி என்று மாற்றி மாற்றிப் பதிந்து, ஒவ்வொன்றும் தன் கட்டத்தில் விழுந்த பிறகுதான் உண்மையான சர்வருக்கு மாற்றினார்கள். கொழுந்தோடு காத்திருந்த பெண்களில் ஒருவர், "கல்லுக்குப் பேர் போடுறீங்களே, எங்களுக்கு எப்ப ஐயா?" என்றார். கொட்டிலே சிரித்தது.

பழைய பதிவுகளைச் சரிசெய்வது பாக்கி. தனி அட்டவணையில் கிடந்த காலைக் கொழுந்துக்கு நாளும் செக்ரோல் நம்பரும் இருந்தன, நிறுவை மட்டுமே இல்லை. ஆகவே ஒன்றும் தொலையவில்லை. ஆனால் 0ஐ 1 ஆக்கி, 1ஐ 2 ஆக்கி, 2ஐ 3 ஆக்கு என்று அந்த வரிசையில் கட்டளை கொடுத்தால் விபரீதம். முதல் கட்டளையில் 1 ஆன காலையும் இரண்டாவதில் 2 ஆகும், மூன்றாவதில் 3 ஆகும். எல்லாக் கொழுந்தும் அந்தியில் போய்க் குவியும். அதனால் பின்னாலிருந்து வந்தார்: முதலில் 2ஐ 3 ஆக்கி, அப்புறம் 1ஐ 2 ஆக்கி, கடைசியாகத்தான் 0ஐ 1. அதிலும் ஹேண்டில்பார்ஸ் வார்ப்புருவில் உருவான பிழைச் செயலி அனுப்பியவை மட்டும். பழைய மஸ்டாஷ் பதிப்போடு இருந்த இரண்டு போன்கள் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தன. சில கங்காணிகளின் கணக்கில் மட்டும் பிழை வந்ததற்கும், அதனால் அந்தக் கங்காணிகளைச் சிலர் ஒருமாதிரியாகப் பார்த்ததற்கும் காரணம் இதுதான்.

திருத்தியதும் மலைக் கணக்கு ஸ்டோர்க் கணக்கைத் தாண்டி மேலே நின்றது. அரைப் பேர் விழுந்தவர்களின் பட்டியலைத் தேதி கொடுத்து எடுத்து அச்சடித்தார்கள். கணக்கப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயர் எதையும் பார்க்காமல் நாள்களை எண்ணினார்.

"ஞாயிறு கழிச்சா பதினாலு பெரட்டு மக. இதுல பதிமூணுதான் இருக்கு. கடைசி நாள் எங்க?"

அறிக்கைத் திரையில் தொடக்க நாளும் முடிவு நாளும் கேட்கும் இரண்டு பெட்டிகள். தொடக்க நாளைச் சேர்த்துக்கொண்டு முடிவு நாளை விட்டுவிடும் வகையில் அது எழுதப்பட்டிருந்தது. அது பிழையும் அல்ல. டெய்க்ஸ்ட்ரா அந்த 1982 குறிப்பில் பரிந்துரைத்த முறையே அதுதான். ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. பொறியாளர் முடிவு நாளில் ஒரு நாளைக் கூட்டி மறுபடி ஓட்டினார். பதினான்கு பெரட்டும் வந்தன. கிளாக்கர் கையெழுத்திட்டு, 10ஆம் திகதிச் சம்பளத்தோடு சேர்க்கும்படி பட்டியலைக் கொழும்புக்கு அனுப்பினார். பெட்டிக்குப் பக்கத்தில் "முடிவு நாள் சேராது" என்று எழுதவா, அல்லது சேரும்படி நிரலையே மாற்றவா என்று பொறியாளர் கேட்டார். "ஆளுங்க வேலை செஞ்ச நாள் சேராதுன்னு எப்படி எழுதி வைக்கிறது?" என்றார் கணக்கப்பிள்ளை. நிரலையே மாற்றுவது என்று முடிவாகி, அதையும் வேலைப் பட்டியலில் குறித்துக்கொண்டார்.